ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு: எந்த வேலைக்கு எந்த கிரேடு? முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ராடு வாங்கும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, எந்த கிரேடை எடுப்பது என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தரவுத்தாள்கள் உலோகவியல் படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை. விற்பனையாளரைக் கேட்டால் கிடங்கில் இருப்பதையே சிறந்தது என்பார். பட்டறையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடைசியில் எல்லோரும் "304 போடுங்கள், எதற்கும் தாங்கும்" என்று முடித்துவிடுவார்கள்.

304 நல்ல கிரேடுதான். ஆனால் எதற்கும் தாங்கும் என்பது உண்மையல்ல. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு: கிரேடு எண் என்பது ஆர்டரில் பாதிதான். எந்த நிலையில், எந்தத் தரநிர்ணயத்தின்படி, எந்தச் சான்றிதழோடு என்ற மீதிப் பாதியை எழுதாமல் விட்டால் சரியான கிரேடும் தவறான சரக்காக வந்து இறங்கும். இந்த இரண்டு பாதிகளையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. கிரேடை ஒதுக்கி வைத்து, வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

விற்பனையாளருக்குத் தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அரைப் பக்கம் போதும். எழுத வேண்டியவை இவை:

- ராடைத் தொடப்போவது என்ன? நீர் என்றால் எந்த நீர், அதில் குளோரைடு எவ்வளவு? அமிலம் என்றால் எந்த அமிலம், எந்த அடர்த்தி?
- வெப்பநிலை எவ்வளவு? இயல்பான நிலை மட்டுமல்ல, கழுவும்போதும் நிறுத்தும்போதும் எட்டும் உச்சமும் வேண்டும்.
- பாகத்தை எப்படிச் செய்யப்போகிறீர்கள்? கடைசல் மட்டுமா, வெல்டிங் உண்டா, வளைப்பீர்களா?
- எதைத் தாங்க வேண்டும்? இழுவிசையா, முறுக்கமா, தேய்மானமா?
- காந்தத்தன்மை இருக்கலாமா, கூடாதா?
- பாகத்தில் ஈரம் தேங்கும் இடுக்கு உண்டா? மரை, கேஸ்கெட், வாஷரின் அடிப்பக்கம் எல்லாம் இடுக்குதான்.

நீரின் குளோரைடு அளவு தெரியாவிட்டால் சோதனை செய்யுங்கள். சோதனைக்கூடத்தில் இது மலிவான, விரைவான சோதனை. இந்த ஒரு எண் கையில் இல்லாமல் 304-ஆ 316-ஆ என்று விவாதிப்பதில் பயனே இல்லை.

2. ஐந்து குடும்பங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

நூற்றுக்கும் மேற்பட்ட கிரேடுகள் இருந்தாலும் ராடாக நீங்கள் சந்திக்கப்போவது ஐந்து குடும்பங்களைத்தான்.

ஆஸ்டெனைட் குடும்பம்: 303, 304, 316, 321, 310. அரிப்பைத் தாங்கும், 303 தவிர மற்றவை வெல்டிங்குக்கு ஏற்றவை, கடுங்குளிரிலும் நொறுங்காது. சூடேற்றிக் குளிர்வித்து இதைக் கடினமாக்க முடியாது.

மார்டென்சைட் குடும்பம்: 410, 416, 420, 431, 440சி. வெப்பச் சிகிச்சையால் கடினமாகும், காந்தம் ஒட்டும், அரிப்பு எதிர்ப்பு குறைவு.

ஃபெரைட் குடும்பம்: 430, 430எஃப். காந்தம் ஒட்டும், கடினமாகாது. சோலனாய்டு வால்வின் உள்தண்டு போன்ற வேலைகளில் இதைப் பார்க்கலாம்.

டூப்ளெக்ஸ்: 2205, 2507. குளோரைடையும் சுமையையும் சேர்ந்து தாங்கும்.

ஐந்தாவது, வயதூட்டி, அதாவது மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்து, கடினமாக்கும் வகை. 17-4 பிஎச் என்ற பெயரில் கிடைக்கும். தரநிர்ணய ஆவணங்களில் 630 என்றும் இருக்கும்.

200 வரிசையும் சந்தையில் உண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய வகை அது. 201-இல் மாங்கனீசு 5.5 முதல் 7.5 சதவீதம், 304-இல் உச்சவரம்பே 2 சதவீதம்தான். உலர்ந்த உள்ளறை வேலைகளுக்கு 201 தவறில்லை. அதை 304 என்ற பெயரில் விற்பதுதான் தவறு. அதைப் பிடிக்கும் வழியைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

3. 304-ஆ, 316-ஆ, அதற்கும் மேலா: குளோரைடு முடிவு செய்யட்டும்

304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும். 316-இல் குரோமியம் சற்றுக் குறைவு. நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல். கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். குளோரைடு தோண்டும் குழி அரிப்பை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் இந்த மாலிப்டினம்தான்.

துறையில் பரவலாகப் புழங்கும் கைக்கணக்கு இது: சாதாரண வெப்பநிலையில், இடுக்குகள் இல்லாத, ஓடிக்கொண்டிருக்கும் நடுநிலை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304 தாங்கும், 316 ஏறத்தாழ 1,000 வரை தாங்கும். நீர் தேங்கினாலோ, சூடானாலோ, அமிலத்தன்மை கூடினாலோ, இடுக்கு இருந்தாலோ இந்த எல்லைகள் வேகமாகச் சரியும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆகவே கடல்நீரில் மூழ்கியே கிடக்கும் தண்டுக்கு 316 போதாது. கடற்காற்று படும் கைப்பிடிக்கும், அவ்வப்போது கழுவிவிடும் தளப் பாகங்களுக்கும் 316 சரி.

கிரேடுகளை ஒப்பிட ஓர் எளிய சூத்திரம் உண்டு. குரோமியத்தோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்டுங்கள். 304-க்கு 18 அல்லது 19, 316-க்கு 24 அளவில், 2205-க்கு 35 அளவில், 2507-க்கு 40-க்கு மேல் வரும். ஒரு கிரேடிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதால் என்ன கிடைக்கிறது என்பதை இது காட்டும். சரியான வெப்பநிலையையும் நீரையும் இது சொல்லாது; தரம் பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி காத்திருக்கிறது. இழுவிசை, குளோரைடு, சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் 304-உம் 316-உம் விரிசல் விட்டு முறியும். மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்கும், எடை குறையாது, துரு கண்ணில் படாது, ஒரு நாள் திடீரென்று உடையும். வெந்நீர்த் தொட்டி, வெப்பக் காப்புக்கு உள்ளே இருக்கும் போல்ட், உப்புச் சேரும் சூடான தண்டு ஆகிய இடங்களில் 304-இலிருந்து 316-க்கு மாறுவது தீர்வாகாது, டூப்ளெக்ஸைப் பாருங்கள்.

உள்ளரங்க நீச்சல் குளங்களில் இந்த ஆபத்து சாதாரண வெப்பநிலையிலேயே வரும். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985-இல் நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். அந்தக் கூரையைத் தாங்கித் தொங்கிய ஸ்டெயின்லெஸ் ராடுகள் குளோரைடால் விரிசல் விட்டிருந்தன. சுத்தம் செய்ய எட்டாத இடத்தில் சுமை தாங்கும் ராடுக்கு 304, 316 மட்டுமல்ல, சாதாரண டூப்ளெக்ஸும் அங்கே ஏற்கப்படுவதில்லை. 1.4529, 1.4547, 1.4565 என்ற ஐரோப்பிய எண்கள் கொண்ட உயர் கலவைகளைத்தான் ஐரோப்பிய வடிவமைப்பு விதிகள் அனுமதிக்கின்றன. இப்படிப்பட்ட வேலை உங்களிடம் வந்தால் விலையைப் பேசாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கிரேடு வாங்குங்கள்.

4. கடைசலா, வெல்டிங்கா? இரண்டுக்கும் ஒரே ராடு பொருந்தாது

லேத்தில் 304-ஐக் கடைந்து பாருங்கள். சுருள் உடையாமல் நீளநீளமாக வந்து டூலிலும் சக்கிலும் சுற்றிக்கொள்ளும். டூல் கொஞ்சம் தேய்ந்து உரச ஆரம்பித்தால் அந்த இடம் இறுகிப்போகும். அடுத்த வெட்டு இன்னும் கடினமாகும். அதே வேகத்தில் 303-ஐக் கடைந்தால் சுருள் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்து தட்டில் விழும். காரணம் கந்தகம். 304-இல் அது 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 303-இல் குறைந்தது 0.15 சதவீதம் சேர்த்திருப்பார்கள். 304-இன் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் 303-ஐக் கடையலாம்.

அந்த வசதிக்குக் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 303-ஐ வெல்டிங் செய்யக் கூடாது. கந்தகத்தால் சூட்டிலேயே விரிசல் விடும். அரிப்பு எதிர்ப்பு 304-ஐ விடக் குறைவு. உணவு படும் பாகங்களுக்கும் உப்புநீருக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்று பலருக்குத் தெரியாது. உருட்டும்போது கந்தகச் சேர்மங்கள் ராடின் நீளவாக்கில் இழை இழையாக நீண்டுவிடுகின்றன. மெல்லிய சுவர் கொண்ட வால்வு உடலை 303-இல் கடைந்தால், வெட்டுமுகத்தில் வெளிப்படும் அந்த இழைகளின் வழியே கசிவு வரக்கூடும். அழுத்தம் தாங்கும் மெல்லிய பாகங்களுக்கு 304 அல்லது 316-ஐயே எடுங்கள்.

கடைசலும் வேண்டும், அரிப்பு எதிர்ப்பும் வேண்டும் என்றால் நடுவழி ஒன்று உண்டு. உருக்கும்போதே உள்ளிருக்கும் சேர்மங்களைச் சீர்படுத்தி, கடைசலுக்கு எளிதாக்கிய 304எல், 316எல் ராடுகளைச் சில ஆலைகள் தருகின்றன. ஊகிமா, புரோடெக், சான்மாக் ஆகியவை அப்படிப்பட்ட வணிகப் பெயர்கள். கிலோ விலை சற்று அதிகம். ஆனால் கடைசல் நேரமும் டூல் செலவும் குறைவதால் எண்ணிக்கை அதிகமுள்ள வேலையில் கணக்கு நேராகிவிடும்.

வெல்டிங் உண்டு என்றால் எல் வகையை, அதாவது கார்பன் குறைந்த வகையை, தேர்ந்தெடுங்கள். சாதாரண 304-இல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம். வெல்டிங் சூட்டில் 425 முதல் 850 டிகிரி வரையிலான பகுதியில் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கிவிடும். அந்த எல்லைகளை ஒட்டியே பின்னாளில் அரிப்பு ஓடும். 304எல், 316எல் இரண்டிலும் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது. மெல்லிய ராடில் சின்ன வெல்டிங் என்றால் பெரிய பிரச்சினை வராது. தடிமன் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

எல் வகைக்கு வலிமை சற்றுக் குறைவு. 304-இன் குறைந்தபட்ச விளைவு வலிமை (ராடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 205 மெகாபாஸ்கல், 304எல்-க்கு 170. வடிவமைப்பு 205-ஐ நம்பியிருந்தால் இரட்டைச் சான்றுள்ள 304/304எல் ராடைக் கேளுங்கள். எல் வகையின் கார்பன் வரம்பு, சாதாரண வகையின் வலிமை இரண்டையும் அது நிறைவு செய்யும். இன்று கிடங்குகளில் இருப்பதில் பெரும்பகுதி இதுதான். கேட்டால்தான் சான்றிதழில் இரண்டு பெயரும் இருப்பதைக் காட்டுவார்கள்.

நிரப்புக் கம்பியையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்: 304எல்-க்கு 308எல், 316எல்-க்கு 316எல், சாதாரண இரும்போடு சேர்ப்பதற்கு 309எல், 2205-க்கு 2209.

5. தேய்மானமும் வலிமையும்: கிரேடோடு நிலையையும் சொல்லுங்கள்

பம்புத் தண்டு, வால்வுத் தண்டு, பேரிங், கத்தி ஆகியவை வேறு உலகம். இங்கே 304 மென்மையானது.

410-ஐக் கடினமாக்கினால் ராக்வெல் சி அளவில் 40-ஐ ஒட்டி வரும். 420-இல் 50-க்கு மேல் எட்டலாம். கத்திகளுக்கும் அறுவைக் கருவிகளுக்கும் அச்சுகளுக்கும் அது ஏற்றது. 440சி-யில் கார்பன் 0.95 முதல் 1.20 சதவீதம், கடினத்தன்மை 58 முதல் 60 வரை போகும். பேரிங், வால்வு இருக்கை ஆகியவற்றுக்கு நல்லது. வெல்டிங்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 416 என்பது 410-இன் கடைசல் வகை. 431-இல் கொஞ்சம் நிக்கல் இருப்பதால் அரிப்பையும் அதிர்வையும் 410-ஐ விட நன்றாகத் தாங்கும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது: "410 ராடு" என்று மட்டும் எழுதினால் மென்மையாக்கிய நிலையில் வந்து சேரும். வரைபடத்தில் உள்ள வலிமை அதில் இருக்காது. கடினமாக்கிப் பதப்படுத்திய நிலை வேண்டும் என்றால் ஆர்டரில் அப்படியே எழுத வேண்டும். நீங்களே கடைந்துவிட்டுப் பிறகு வெப்பச் சிகிச்சைக்கு அனுப்புவதாக இருந்தால், உருக்குலைவுக்கும் அதன் பிறகான கிரைண்டிங்குக்கும் அளவில் இடம் விடுங்கள். 425 முதல் 565 டிகிரி வரையிலான பதப்படுத்தலைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அந்த வரம்பில் இக்குடும்பத்துக்கு உடையும் தன்மையும் அரிப்பும் கூடிப்போகும்.

17-4 பிஎச் இந்தத் தலைவலியைக் குறைக்கிறது. கரைசல் நிலை எனப்படும் ஏ நிலையில் கடைந்துவிட்டு, 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எச்900 நிலை. இழுவலிமை 1,310 மெகாபாஸ்கலுக்குக் குறையாது. 621 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் எச்1150. வலிமை 930-க்கு இறங்கும், உடையாமல் தாங்கும் தன்மை ஏறும். தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்க வேண்டியதில்லை என்பதால் பாகம் கோணாது. ஆனால் சுருங்கும். எச்900-இல் 0.04 முதல் 0.06 சதவீதம் வரை, அதாவது 100 மி.மீ. நீளத்தில் 0.04 முதல் 0.06 மி.மீ. வரை. எச்1150-இல் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். நுணுக்கமான துளை இருந்தால் இதைக் கணக்கில் சேர்த்துக் கடையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏ நிலையிலேயே பாகத்தை வேலைக்கு அனுப்பாதீர்கள், அது இடைநிலைதான். குளோரைடு உள்ள இடத்தில் எச்900-ஐத் தவிர்த்து எச்1025 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணை எடுங்கள். உச்ச வலிமை நிலைதான் விரிசலுக்கு முதலில் இரையாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள எண்ணெய்க் கிணற்று வேலை என்றால் ஐஎஸ்ஓ 15156 சொல்லும் கடினத்தன்மை வரம்பைப் பார்க்காமல் எந்த ராடையும் வாங்கக் கூடாது.

துருவையும் தாங்க வேண்டும், வலிமையும் வேண்டும் என்றால் 2205 நல்ல தேர்வு. அதன் விளைவு வலிமை 450 மெகாபாஸ்கலுக்குக் குறையாது. 304-ஐப் போல் இரட்டிப்பு. அதனால் தண்டின் விட்டத்தைக் குறைக்க முடிந்தால் கிலோ விலை கூடினாலும் மொத்தச் செலவு இறங்கக்கூடும்.

போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஒரே 304 ராடைப் பயன்படுத்தினால் இறுக்கும்போதே மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் கடினத்தன்மை வேறுபாடு வையுங்கள், ஒட்டாமை மசகு தடவுங்கள், மெதுவாக இறுக்குங்கள்.

6. வெப்பமும் கடுங்குளிரும்

காற்றில் தொடர்ந்து ஏறத்தாழ 925 டிகிரி வரை 304 செதில் உதிராமல் நிற்கும். உலை உட்பாகங்களுக்கு 310. அது 1,100 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் செதில் தாங்குவது வேறு, சுமை தாங்குவது வேறு. உயர் வெப்பத்தில் சுமை இருந்தால் எல் வகையைத் தவிர்த்துக் கார்பன் 0.04 முதல் 0.10 வரையுள்ள எச் வகையைக் கேளுங்கள். டூப்ளெக்ஸை 300 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரவ நைட்ரஜன் போன்ற கடுங்குளிருக்கு 304, 316 மட்டும். 410, 430, 17-4 பிஎச் எல்லாம் அங்கே நொறுங்கும்.

உடலுக்குள் பொருத்தும் மருத்துவப் பாகத்துக்குக் கடைச் சரக்கான 316எல் ஒருபோதும் ஆகாது. அதற்கு அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் எஃப்138 என்ற தனித் தரம் உண்டு.

7. ராடின் மேற்பரப்பும் அளவும்

கருப்பு ராடு என்பது சூட்டில் உருட்டியது. மலிவு, ஆனால் மேல்தோலைச் சீவித்தான் ஆக வேண்டும். பிரைட் ராடு மூன்று வகையில் வரும்: குளிர்நிலையில் இழுத்தது, தோல் உரித்தது, கிரைண்டிங் செய்தது. தானியங்கி லேத்துக்கு இழுத்த ராடு போதும்; பேரிங்கில் நேரடியாக நுழையும் தண்டுக்குக் கிரைண்டிங் செய்ததை எடுத்தால் ஒரு வேலை மிச்சம்.

அளவுத் தளர்வை எழுதாமல் விடாதீர்கள். 25 மி.மீ. ராடில் எச்11 (சிறிய h எழுத்தில் எழுதும் தளர்வு வகுப்பு; எச்900 போன்ற வெப்பச் சிகிச்சை நிலை அல்ல) என்றால் 0.130 மி.மீ. வரை குறைந்து வரலாம். எச்9 என்றால் 0.052, எச்8 என்றால் 0.033, எச்7 என்றால் 0.021. எல்லாமே குறையும் பக்கம்தான். முடிந்த அளவு சரியாக 25.00 வேண்டும் என்றால் 25 மி.மீ. ராடிலிருந்து அது வராது. அடுத்த அளவை வாங்கிக் கடைய வேண்டும்.

8. ஆர்டர் வரியை முழுமையாக எழுதுங்கள்

ஒரு நல்ல வரி இப்படி இருக்கும்:

"உருண்டை ராடு, 316/316எல் இரட்டைச் சான்று, ஏஎஸ்டிஎம் ஏ276, மென்மையாக்கிய நிலை, குளிர்நிலையில் இழுத்து முடித்தது, விட்டம் 25 மி.மீ. எச்9, நீளம் 3 மீட்டர், இஎன் 10204 வகை 3.1 சான்றிதழ், ஒவ்வொரு ராடிலும் ஹீட் எண் குறியிடப்பட வேண்டும்."

ஹீட் எண் என்பது ராடு எந்த உருக்கிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் எண். ஏ276 என்பது பொதுப் பயன்பாட்டு ராடுகளுக்கானது. கொதிகலன், அழுத்தக் கலன் என்றால் ஏ479. 303, 416 போன்ற கடைசல் கிரேடுகள் ஏ582-இல் இருக்கின்றன. "303, ஏ276" என்று எழுதினால் பொருந்தாது. 17-4 பிஎச்சுக்கு ஏ564.

ஐரோப்பிய எண்ணும் அமெரிக்க எண்ணும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. 1.4301-ஐயும் 304-ஐயும் ஒன்று என்பார்கள். 1.4301-இல் குரோமியம் 17.5-இலிருந்து தொடங்கலாம், 304-க்கு 18 வேண்டும். குரோமியம் 17.7 உள்ள ராடு முதலாவதில் தேறும், இரண்டாவதில் தேறாது. உங்கள் வாடிக்கையாளரின் வரைபடம் எதைச் சொல்கிறதோ அதையே ஆர்டரிலும் எழுதுங்கள்.

9. சான்றிதழை வரிவரியாகப் படியுங்கள்

இஎன் 10204-இல் நான்கு வகைகள். 2.1 என்பது "ஆர்டர்படிதான் தந்திருக்கிறோம்" என்ற வாய்மொழிக்குச் சமம். எண் எதுவும் இருக்காது. 2.2-இல் எண்கள் இருக்கும், ஆனால் உங்கள் கையில் உள்ள ராடின் எண்களாக இருக்க வேண்டியதில்லை. 3.1-இல் உங்கள் சரக்கின் ஹீட்டையே சோதித்து, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆலை ஆய்வாளர் கையொப்பமிடுவார். 3.2-இல் அவரோடு வாங்குபவரின் பிரதிநிதியோ மூன்றாம் தரப்போ சேர்ந்து உறுதி செய்வார். பெரும்பாலான வேலைகளுக்கு 3.1 போதும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் பார்க்க வேண்டியது: ஹீட் எண் ராடில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா; தரநிர்ணயத்தின் பெயரும் ஆண்டும் உண்டா; வெப்பச் சிகிச்சை நிலை எழுதியிருக்கிறதா; எல் வகையில் கார்பன் 0.030-க்குள் இருக்கிறதா, 316-இல் மாலிப்டினம் 2.0-க்குக் கீழே போகவில்லையா. கடைசலுக்கு வாங்கியிருந்தால் கந்தகம் எவ்வளவு. வெவ்வேறு ஹீட்டுகளின் சான்றிதழ்களில் எல்லா எண்களும் ஒரே மாதிரி இருந்தால் ஆலைக்கே எழுதிக் கேளுங்கள். ஹீட் எண்ணைச் சொன்னால் நல்ல ஆலைகள் சரிபார்த்துச் சொல்லும்.

சான்றிதழை ஆர்டரோடு கேட்க வேண்டும். சரக்கு வந்த பிறகு கேட்டால், ஹீட் தொடர்பு அறுந்துபோன ராடுக்கு யாராலும் 3.1-ஐ உருவாக்க முடியாது.

10. செலவையும் நேரத்தையும் கணக்கிடுதல்

எடையிலிருந்து தொடங்குங்கள். மி.மீ. விட்டத்தை வர்க்கமாக்கி 160-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 50 மி.மீ. ராடு: 2,500-ஐ 160-ஆல் வகுக்க 15.6 கிலோ. சாதாரண இரும்புக்குப் பழகிய 162-ஐ இங்கே போட்டால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பெரிய ஆர்டரில் அந்தக் கொஞ்சம் தெரியும். 410, 430 குடும்பம் சற்று இலேசு, அதற்கு 164.

கிலோ விலை என்பது அடிப்படை விலையும் கலவைக் கூடுதலும் சேர்ந்தது. நிக்கலும் மாலிப்டினமும் ஏறினால் கூடுதலும் ஏறும். 2022 மார்ச் மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரு டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. அதனால்தான் விலைப்புள்ளிகள் குறுகிய காலத்துக்கே செல்லும். ஒப்புதல் வாங்க இழுத்தடிக்கும் அலுவலகம் என்றால், விலை செல்லுபடியாகும் நாளை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கலவைக் கூடுதல் ஆர்டர் நாள் கணக்கா, அனுப்பும் நாள் கணக்கா என்பதையும் கேளுங்கள்.

பொதுவான விலை வரிசை: 430-உம் 410-உம் கீழே, 304, 303 நடுவில், 316 அதற்கு மேலே. 2205-உம் 17-4 பிஎச்சும் பெரும்பாலும் இன்னும் மேலே இருக்கும். நிக்கல் விலையைப் பொறுத்து 2205 சில சமயம் 316-ஐ நெருங்கும். ஆனால் கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ராடில் பெரும்பகுதி சுருளாகப் போகும் பாகத்தில் கடைசல் நேரம்தான் பெரிய செலவு. வளையம், புஷ் போன்றவற்றுக்கு உள்ளீடற்ற ராடு வாங்கினால் துளையிடும் நேரமும் எடையும் மிச்சம். இவற்றோடு அறுப்புக் கூலி, ரம்பத்தின் வெட்டு அகலம், கடைசித் துண்டின் இழப்பு, குறைந்தபட்ச ஆர்டர், சோதனைக் கட்டணம் ஆகியவற்றையும் சேருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 304-உம் 316-உம் வழக்கமான விட்டங்களில் கிடங்கிலேயே இருக்கும், நாட்கணக்கில் கிடைக்கும். 431, 440சி, பெரிய விட்ட 2205, குறிப்பிட்ட நிலையில் 17-4 பிஎச் ஆகியவற்றுக்கு ஆலை ஆர்டர் தேவைப்பட்டால் மாதக்கணக்கில் ஆகலாம். வெப்பச் சிகிச்சைக்குத் தனி வரிசை உண்டு. 3.2 வேண்டும் என்றால் மூன்றாம் தரப்பு ஆய்வாளரின் தேதியை ஆர்டர் போட்ட நாளிலேயே பதிவு செய்யுங்கள். சரக்கு தயாரான பிறகு அவரைத் தேடினால் அது அங்கேயே காத்துக் கிடக்கும். படிக எல்லை அரிப்புச் சோதனை, மீயொலிச் சோதனை போன்றவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மாற்றுக் கிரேடு ஒன்றை வாடிக்கையாளரிடம் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வது பல வாரங்களைக் காப்பாற்றும்.

11. ராடு வந்து இறங்கிய பிறகு

காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 201-இலும் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது. குளிர்நிலையில் இழுத்த நல்ல 304 ராடில் லேசாக ஒட்டவும் செய்யும். அதற்காகத் திருப்பி அனுப்புவது அநியாயம். கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதித்தால் மாங்கனீசு, நிக்கல், மாலிப்டினம் நொடிகளில் தெரிந்துவிடும். 201 அங்கேயே அகப்படும். ஒருமுறை 304 என்று எங்களுக்கு வந்த ஒரு ராடுக் கட்டுக்குள் பாதி ராடுகள் அப்படித்தான் பிடிபட்டன. கட்டின் வெளிப்புறத்தில் இருந்தவை சரியான சரக்கு, உள்ளே இருந்தவை வேறு. ஆகவே கட்டைப் பிரித்துச் சோதியுங்கள்.

அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது. 304-ஆ 304எல்-ஆ என்று அறிய ஒளி உமிழ்வு நிறமாலைச் சோதனை வேண்டும்; சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

ஹீட் எண் பொறித்த முனையைக் கடைசியாக வெட்டுங்கள். முதலில் அதை வெட்டிப் பயன்படுத்திவிட்டால் மீதி ராடு பெயரற்றுப் போகும். கிரேடுக்கு ஒரு நிறம் என்று வைத்து முனையில் பெயிண்ட் அடிப்பது எளிய பழக்கம். மீந்த துண்டிலும் அதையே அடியுங்கள்.

சாதாரண இரும்போடு ஒரே ரேக்கில் அடுக்காதீர்கள். இரும்புத் தூள் படிந்தால் அதுவே துருப்பிடித்து, ஸ்டெயின்லெஸ் துருப்பிடித்தது போலக் காட்டும். மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் தாங்கிகள் போதும். இரும்புக்குப் பயன்படுத்திய கிரைண்டிங் சக்கரத்தை இதில் வைக்கவே கூடாது. கடைந்து முடித்த பாகங்களை ஏஎஸ்டிஎம் ஏ967-இன்படி நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் முக்கி, மேற்பரப்பிலுள்ள இரும்புத் துகளை நீக்கிச் செயலற்றதாக்கக் கொடுங்கள். அப்போது எந்த கிரேடு என்று எழுத்தில் சொல்லுங்கள். 303-உம் 416-உம் சாதாரண நைட்ரிக் தொட்டியில் கறுத்துப்போகக்கூடும். அவற்றுக்குத் தனி முறை உண்டு.